மூன்று ஒட்டுகளும் ஈரச் சாக்கும்

போர் முடிந்து மூன்றாவது வருடத்தின் வைகாசி மாதம் அது. மன்னார்த் தீவின் கரையோர ஊர் ஒன்றில் மீன்பிடி இறங்குதுறை ஒன்றைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பழையதில் மிஞ்சியிருந்தவை நான்கு கொங்கிறீட் தூண்கள் மட்டும். மீளக்குடியேறிய குடும்பங்கள் இடுப்பளவு தண்ணீரில் நடந்து மீன்பெட்டிகளைக் கரைக்குக் கொண்டுவந்தன. புதிய துறைக்கு இரும்புக் குழாய்களைக் கடலடியில் அடித்து இறக்க வேண்டும். ஒரு குழாயின் நீளம் போதாது. இரண்டை வெல்டிங் செய்து ஒன்றாக்க வேண்டும். அப்படி ஒட்டிய இடத்துக்குள் வெடிப்போ ஓட்டையோ இருக்கிறதா என்று, வெட்டிப் பார்க்காமல், ஒலியைக்கொண்டு சொல்வது என் வேலை.

நான் இதே தீவின் பள்ளிமுனைக்காரன். அந்த வேலையைப் படித்ததும் செய்ததும் கொழும்பில். சொந்த ஊருக்குத் திரும்பி வந்து செய்த முதல் வேலை இதுதான்.

மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மீயொலி என்று பாடப்புத்தகம் சொல்லும், காதுக்குக் கேட்காத ஒலி. அதை இரும்புக்குள் அனுப்பினால் வெடிப்பு இருக்கும் இடத்தில் பட்டுத் திரும்பி வரும். இரும்பின் மேல் வைத்து ஒலியை அனுப்பி வாங்கும் புரோப்புக்குள் பதினாறு சிறு துண்டுகள் வரிசையாக இருந்தன. எல்லாம் ஒன்றாக ஒலித்தால் ஒலி நேரே போகும். ஒன்றன்பின் ஒன்றாக, மிகமிகச் சிறிய இடைவெளி விட்டு ஒலித்தால் சரிந்து போகும். கரைவலை இழுக்கும்போது ஒரு பக்கத்துக் கயிற்றுக்காரர் முந்தினால் வலையின் வாய் திரும்புமல்லவா, அதுபோல. அந்த இடைவெளிகளை மாற்றி, கையை அசைக்காமலே ஒலியைத் திருப்பலாம். வேண்டிய ஆழத்தில் ஒரு புள்ளியில் குவிக்கலாம்.

மணலும் உப்புக் காற்றும் படக்கூடாது என்று மெஷினை ஏசி போட்ட கொண்டெய்னருக்குள் வைத்திருந்தோம். தினமும் காலையில் அங்கேயே, அளவு தெரிந்த ஓர் இரும்புக் கட்டியில் புரோப்பை வைத்து, ஒலி சொன்ன கோணத்தில் போகிறதா, சொன்ன ஆழத்தைக் காட்டுகிறதா என்று சரிபார்ப்பேன். பிறகு வெளியே கொண்டுபோவேன்.

புரோப்பை வைக்குமுன் குழாயில், வயிற்றில் ஸ்கேன் எடுக்குமுன் பூசுவதுபோல, ஜெல் பூச வேண்டும். அதைக் கண்டால் மீன்கூடையோடு போகிற பெண்கள் சும்மா போகமாட்டார்கள்.

“என்ன டொக்டர், பெடியனோ பெட்டையோ?” என்று ஒருத்தி கேட்பாள்.

“குழாய்க்கு இன்னும் மாசம் காணாதாம், பிறகு வரட்டாம்” என்று மற்றவள் சொல்லிக்கொண்டு போவாள்.

வெல்டர்கள் இரண்டு பேர். ஒருவரைக் கம்பனி கொழும்பிலிருந்து கூட்டி வந்திருந்தது. அவர் தகரக் கொட்டிலுக்குள் வேலை செய்தார். மற்றவர் எருக்கலம்பிட்டிக்காரர். வயது நாற்பத்து மூன்று. தொண்ணூறாம் ஆண்டு இயக்கக்காரர் வடக்கு முஸ்லிம்களைத் துரத்தியபோது ஊரோடு வெளியேறி, இருபது வருடம் புத்தளத்தில் இருந்து, அங்கேயே வெல்டிங் பழகி, இப்போது தனியாகத் திரும்பி வந்திருந்தார். கொட்டிலுக்குள் அடங்காத நீளக் குழாய்கள் அவருக்கு. கரையில், திறந்த வெளியில் ஒட்டினார். சோழகக் காற்று நெருப்பைக் கலைத்துவிடும் என்பதால் தார்ப்பாய்ப் படங்கு ஒன்றைச் சுற்றிக் கட்டி, அதற்குள் குந்தியிருந்து வேலை செய்வார். ஒன்று முடிந்ததும் படங்கை அவிழ்த்து அடுத்த குழாய்க்குக் கொண்டுபோவார்.

நான் அவரை, முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, நானா என்று கூப்பிட்டேன். அவர் என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர். இருந்தும் என்னைச் சேர் என்றுதான் சொல்வார். மனைவியும் இரண்டு மகள்மாரும் இன்னும் புத்தளத்தில். நிலையான ஒரு வேலை அமைந்த பிறகுதான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவேன் என்று மனைவி சொல்லிவிட்டாராம்.

“அவ சொல்லுறதும் சரிதான் சேர். பிள்ளைகள் பிறந்தது அங்க. பள்ளிக்கூடம், கூட்டாளிமார் எல்லாம் அங்க. இஞ்ச என்ன இருக்கு, தகரக் கொட்டிலும் நானும்தான்” என்று சிரிப்பார்.

அவருக்கு மூன்று மாதச் சோதனைக் காலம். அது முடிந்தால் வேலை நிரந்தரம். ஆனால் அடுத்தடுத்து மூன்று ஒட்டுகள் பிழை என்று வந்தால் வெல்டரை நிறுத்திவிட வேண்டும் என்பது அந்த வேலைத்தளத்தின் விதி.

முதல் மாதம் அவருடைய ஒட்டுகள் எல்லாம் சரியாக வந்தன. பிறகு கொட்டிலுக்குள் வேலை கூடிப்போனது. காலையில் கொட்டிலில் ஒட்டியவற்றைப் பார்த்து முடித்துவிட்டு அவருடைய பக்கத்துக்கு நான் போய்ச் சேர மத்தியானமாகிவிடும். அப்படியொரு செவ்வாய்க்கிழமை முதல் பிழை வந்தது. குழாய்ச் சுவரின் அடியிலிருந்து ஒன்றரை மில்லிமீற்றர் மேலே, ஒட்டின் ஓரத்தில், திரையில் சிவப்பாக ஒரு கோடு. இரும்போடு இரும்பு சேராமல் விட்ட இடம் என்று எழுதினேன்.

அந்த வெயிலில் திரை தெரியாது. அதனால் அவர் தன் படங்கின் ஒரு பக்கத்தை உயர்த்திப் பிடித்து எனக்கு நிழல் தந்துகொண்டு நின்றார். தன்னுடைய ஒட்டில் நான் சோக்கட்டியால் பிழை என்று குறித்து முடிக்கும் வரை கையை இறக்கவில்லை.

பிறகு கிரைண்டரை எடுத்து அந்த இடத்தைத் தோண்டினார். கொஞ்சம் தோண்டுவார், நிறுத்துவார், கைலேஞ்சியால் துடைத்துப் பார்ப்பார். முழு ஆழத்துக்கும் போனபின் என்னைக் கூப்பிட்டார்.

“சேர், ஒருக்கா பாருங்கோவன். நல்ல இரும்பு மட்டும்தான் கிடக்கு.”

“பிழையைக் கிரைண்டர் திண்டிருக்கும் நானா” என்றேன்.

அவர் கிரைண்டரைக் கீழே வைத்தார். தோண்டிய இடத்தை மீண்டும் நிரப்பி ஒட்டினார். திருத்திய ஒட்டைப் பார்ப்பதுதான் மறுநாள் காலையில் என் முதல் வேலை. அது சரியாக வந்தது. முன்பு பிழை இருந்தது, திருத்திய பின் போய்விட்டது. என் கணிப்புச் சரி என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை இரண்டாவது. அதே இடம், அதே ஒன்றரை மில்லிமீற்றர். தோண்டினார். அன்றும் ஒன்றும் அகப்படவில்லை. நான் அதற்கும் அதே விளக்கத்தைச் சொன்னேன்.

“நானா, மெஷினுக்கு உங்களோட ஏதோ கோவம். ஒரு பிளேன்ரீ குடுத்துப் பாருங்க” என்றார் கொழும்பு வெல்டர்.

“குடுத்துப் பாத்திட்டன். சீனி காணாதாம்” என்றார் இவர்.

அடுத்த நாள் வெள்ளி. அவர் ஜும்மா தொழுகை முடித்து வந்து படங்கைப் பிடிக்க, நான் மூன்றாவது ஒட்டைப் பார்த்தேன். சிவப்புக் கோடு அங்கே இருந்தது. எஞ்சினியரிடம் போய்ச் சொன்னேன். அவர் வவுனியாக்காரர், அதிகம் பேசாதவர். நாளை மத்தியானம் வருகிறேன், அறிக்கை மேசையில் இருக்கட்டும், நிறுத்தற் கடிதத்தை அப்போதே கொடுத்துவிடலாம் என்றார். செய்தி கரைக்குப் போக ஐந்து நிமிடம் பிடிக்கவில்லை. நானா கிரைண்டரைத் தொடவில்லை. படங்கை மடித்துக் கயிற்றால் கட்டி வைத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை விடிந்த கையோடு நான் போனபோது அவர் அந்த மூன்றாவது குழாயின் பக்கத்தில் குந்தியிருந்தார்.

“மெஷினை எடுத்து வாங்கோ சேர். இந்த ஒட்டை இன்னொருக்கா பார்ப்பம்.”

“நேற்றுப் பார்த்ததுதானே நானா. ராவோட ராவா இரும்பு மாறியிடுமோ?”

“மாறாது. அதுதான் கேக்கிறன்.”

நான் தயங்கி நின்றேன். எழுதி முடித்த ஒன்றைத் திரும்பப் பார்க்க எனக்கு விருப்பமில்லை, அதுதான் உண்மை. அவர் எழுந்து சாரத்தில் ஒட்டிய மணலைத் தட்டினார்.

“தம்பி,” என்றார். அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முறை சொன்னார். “தொண்ணூறிலை இஞ்ச இருந்து போகச் சொன்னாங்கள். போனன். ஏனெண்டு கேக்க வழியில்லை. இண்டைக்குப் போகச் சொன்னாலும் போவன். ஏனெண்டு மட்டும் ஒருக்கா கேட்டுப்போட்டுப் போறன்.”

எருக்கலம்பிட்டி ஆட்கள் ஊரைவிட்டுப் போன அந்த வருடம் எனக்குப் பத்து வயது. அப்பா எங்களை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தியது நினைவிருக்கிறது. நான் போய் மெஷினை எடுத்து வந்தேன்.

ஜெல் பூசிப் புரோப்பை வைத்தேன். கோடு இல்லை. கொஞ்சம் தள்ளி வைத்தேன். இல்லை. குறித்த இடத்தைத் தவறவிட்டேனோ என்று குழாயை முழுச் சுற்றும் சுற்றி வந்தேன். நேற்றுச் சிவப்பாக நின்ற இடம் சுத்தமாக இருந்தது.

அவர் சிரிக்கவில்லை. குழாயின் வாய்க்குள் குனிந்து காட்டினார். ஒட்டிய நாளையும் நேரத்தையும் உள்ளே சோக்கட்டியால் எழுதி வைப்பது அவருடைய பழக்கம். அதற்குக் கீழே நான் சோதித்த நேரத்தையும் எழுதியிருந்தார். மற்றக் குழாய்களுக்குள்ளும் குனிந்து பார்த்தேன். மூன்று பிழைகளும் பன்னிரண்டு மணிக்குப் பிறகு. சரியாக வந்தவை எல்லாம் காலை ஏழு, எட்டு, ஒன்றிரண்டு பத்து.

“உங்களைப் பிடிக்கவெண்டு எழுதினதில்லை. எல்லாக் குழாயிலும் எழுதுறனான்” என்றார். பிறகு, “வெயில் ஏறட்டும். அப்பவும் ஒருக்கா பாருங்கோ.”

பதினொன்றரைக்குப் பார்த்தோம். குழாயில் கை வைக்க முடியாத சூடு. ஜெல் தண்ணீராக ஓடியது. திரையில் சிவப்புக் கோடு அதே இடத்தில் வந்து நின்றது. அவர் இரண்டு சாக்குகளைக் கடலில் தோய்த்துக்கொண்டு வந்து குழாயில் போர்த்தினார். சூடேறியிருந்த புரோப்பையும் ஈரச் சாக்கின் மடிப்புக்குள் வைத்தோம். அரை மணித்தியாலம் காத்திருந்து, தண்ணீர் மாற்றி மாற்றி ஊற்றி, மறுபடி பார்த்தபோது கோடு கீழே இறங்கிச் சுவரின் அடியோடு போய்ச் சேர்ந்திருந்தது. அது பிழையே அல்ல. உருகிய இரும்பு ஒட்டின் அடியில் விடும் சிறு வரம்பு. எந்த நல்ல ஒட்டிலும் இருக்கும்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. புரோப்பின் அடியில் ஆப்பு வடிவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு உண்டு. ஒலி அதைக் கடந்துதான் இரும்புக்குள் போகிறது. பிளாஸ்டிக் சூடேறினால் அதற்குள் ஒலியின் வேகம் குறையும். இரும்புக்குள் நுழையும் கோணம் விலகும். மெஷினுக்கு அது தெரியாது. காலையில் ஏசிக் குளிரில் நான் சரிபார்த்துக் கொடுத்த கோணத்தையே நம்பி, அடியில் இருக்கும் வரம்பைச் சுவருக்குள் இருக்கும் பிழையாக வரைந்து காட்டியது. சரிபார்க்கும் கட்டியும் சோதிக்கும் இரும்பும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும் என்பது பரீட்சைக்கு நான் மனப்பாடம் செய்த விதி. படித்த இடத்தில் இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. அந்த விதிக்கு அங்கே வேலை வரவேயில்லை. இங்கே அவர் பிடித்த படங்கின் நிழல் என் தலையிலும் திரையிலும் விழுந்தது. குழாய் வெயிலில் கிடந்தது.

விளங்கியதை அவருக்குச் சொன்னேன். அவரே வழியும் சொன்னார். “மூண்டாவதைச் சரியெண்டு எழுதுங்கோ, காணும். மற்றதுகளைக் கிளறாதீங்கோ. உங்கட வேலைக்கும் வில்லங்கம் வந்திடும்.”

கொண்டெய்னருக்குள் போய் அப்படியே எழுதினேன். இப்போது மறைப்பானேன், அப்படித்தான் எழுதினேன். மூன்றாவது ஒட்டு மறுபரிசோதனையில் சரி. ஒரே வரி. முதல் இரண்டும் அவருடைய பெயரில் பிழைகளாகவே இருக்கும், என் பெயரில் எதுவும் இராது. கையெழுத்து வைக்குமுன் தற்செயலாக ஜன்னல் வழியே பார்த்தேன். அவர் தன்னுடைய குடிதண்ணீர்ப் போத்தலைத் திறந்து, உப்புத்தண்ணீர் பட்டிருந்த என் புரோப்பையும் கேபிளையும் கைலேஞ்சியை நனைத்து நனைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். பவுசர் வண்டியில் குடிதண்ணீர் வந்த காலம் அது. அந்தப் போத்தல் அவருக்குப் பின்னேரம் வரைக்கும்.

தாளைக் கிழித்துவிட்டு எல்லாவற்றையும் எழுதினேன்.

எஞ்சினியர் இரண்டு தரம் வாசித்தார். பிறகு கேட்டார், “மத்தியானத்திலை நீர் பிழை எண்டது பிழை. சரி. வெயிலுக்கை நீர் சரியெண்டது?”

அதை நான் யோசிக்கவில்லை. கோணம் விலகியிருந்தால், உண்மையான பிழையை ஒன்றுமில்லை என்று விட்டிருக்கவும் கூடும். வெயில் ஏறிய பிறகு நான் சோதித்த ஒட்டுகள் அத்தனையையும், இருவருடையதையும், மறுபடி விடியற்காலையில் பார்க்க வேண்டும் என்றார் எஞ்சினியர். கடிதத்தை மேசை லாச்சிக்குள் போட்டார். “எல்லாம் முடியட்டும். பிறகு பார்ப்பம்.”

ஆக, நானாவின் வேலை இன்னும் அந்த லாச்சிக்குள்தான் இருந்தது. இருந்தும் மறுநாள் விடிகாலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு அவர் வந்துவிட்டார். யாரும் கூப்பிடவில்லை. மெஷினை ஏசிக்குள் வைப்பதை நான் நிறுத்திவிட்டேன். சரிபார்க்கும் இரும்புக் கட்டியையும் இரவு முழுக்கக் குழாயின் மேலேயே வைக்கத் தொடங்கியிருந்தேன். நான் ஒட்டுகளைப் பார்க்க, அவர் சாக்குகளைத் தோய்த்துப் போர்த்தி, எடுத்து, அடுத்ததற்கு மாற்றினார். கொழும்பு வெல்டரின் குழாய்களுக்கும் அவர்தான் போர்த்தினார்.

ஒன்பதாவது நாள். அவருடைய குழாய் ஒன்று. முதல் மாதத்தில், பத்து மணியளவில் பார்த்து நான் சரி என்று விட்டது. புரோப்பை வைத்ததும் கோடு வந்தது. மறுபக்கத்திலிருந்து பார்த்தேன். அங்கிருந்தும் தெரிந்தது. குவியத்தை அந்த ஆழத்துக்கு மாற்றினேன். இன்னும் தெளிவாகத் தெரிந்தது. நான் தலையை நிமிர்த்தவில்லை. அவர் எனக்குப் பின்னால் நின்றார்.

“இருக்கோ?”

“இருக்கு நானா.”

“சாக்குப் போட்ட பிறகும் இருக்கோ?”

“ஓம்.”

அவர் கையிலிருந்த ஈரச் சாக்கைப் பிழிந்து மணலில் போட்டார்.

“அப்ப எழுதுங்கோ” என்றார்.

எழுதினேன். எழுத்து வழக்கத்தைவிடப் பெரிதாக விழுந்தது, அவ்வளவுதான். அவர் கிரைண்டரை எடுத்தார். முன்பு போலவே கொஞ்சம் கொஞ்சமாக, நிறுத்தி நிறுத்தி, துடைத்துத் துடைத்து. நான் கொட்டில் பக்கம் போய்விட்டேன், பக்கத்தில் நிற்க முடியவில்லை. சிறிது நேரத்தில் கூப்பிட்டார்.

“தம்பி, ஓடி வாங்கோ. இந்தா கிடக்கு.”

தோண்டிய பள்ளத்தின் அடியில், பளபளத்த இரும்புக்கு நடுவே, கறுப்பாக ஒரு கீற்று. நெல்லின் நீளம் இருக்கும். உருகிய இரும்புக்குள் அகப்பட்டுப்போன கசடு. அதை விரல் நுனியால் தடவிக் காட்டியபடி அவர் சிரித்தார். தன் பிழையைக் கண்டு இவ்வளவு நிம்மதியாகச் சிரித்த ஒரு மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மூன்று தரம் ஒன்றுமில்லாத இடத்தைப் பிழை என்று கேட்டுக்கொண்டிருந்தவருக்கு, இருக்கிற இடத்தை இருக்கிறது என்று சொன்னதே பெரிதாக இருந்ததோ என்னவோ.

மறுபரிசோதனை முடிந்தபோது அவருடைய கணக்கில் இருந்தது அந்த ஒரேயொரு பிழை. கொழும்பு வெல்டருக்கு இரண்டு. என் தவறு என் பெயரிலேயே எழுதப்பட்டது. எஞ்சினியர் அதைக் குறைத்தும் எழுதவில்லை, கூட்டியும் எழுதவில்லை. லாச்சியிலிருந்த கடிதத்தை எடுத்து என் முன்னாலேயே கிழித்தார். மூன்று மாதம் முடிய நானாவின் வேலை நிரந்தரமானது.

ஆவணி விடுமுறையில் அவருடைய மனைவியும் மகள்மாரும் வந்துவிட்டார்கள். ஒரு பின்னேரம் கடலைப் பார்க்க என்று மூவரையும் வேலைத்தளத்துக்குக் கூட்டி வந்தார். மனைவி முந்தானையைத் தலையில் சரிசெய்துகொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“எங்களை வரவிடாமப் பண்ணப் பார்த்த சேர் நீங்கதானோ?”

“நான்தான்” என்றேன்.

“இவர் வீட்டை வந்து அப்பிடிச் சொல்லேல்லை. மெஷினுக்கு வெயில் ஒத்துக்கொள்ளேல்லை எண்டுதான் சொன்னவர்” என்றார். நானா குழாய்களை எண்ணுகிறவர்போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். மூத்த மகள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வாப்பாவின் ஊர்க் கடலுக்குள் கணுக்கால் வரை இறங்கினாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஒட்டுகளைப் பார்த்துவிட்டேன், பிழை என்று எழுதியும் இருக்கிறேன். ஒவ்வொரு முறை எழுதும்போதும், ஏனென்று கேட்க அந்த மனிதருக்கு ஒரு காலைநேரத்தையாவது விட்டுவைத்தேனா என்று என்னையே கேட்டுக்கொண்டுதான் கையெழுத்து வைக்கிறேன்.